ஓதிய நாவும் எழுதாத கையும்

கோவையிலிருந்து திருப்பூருக்குச் செல்லும் இருப்புப் பாதையில் இடையே அமைந்துள்ளது சோமனூர். விசைத்தறிகளின் ஓசையே அவ்வூரின் மூச்சு. வணிகர் தரும் பாவையும் நூலையும் பெற்றுக் கூலிக்கு நெய்து கொடுக்கும் குடும்பங்கள் அங்கு மிகுதி. தார் சுற்றுவது முதல் தறியைப் பார்த்துக்கொள்வது வரை பெண்களின் உழைப்பும் அதில் கலந்திருக்கிறது. இத்தகைய ஊர்களில் வாழும் பெற்றோர் முன் ஒரு கேள்வி எழுந்தவண்ணம் இருக்கிறது: பெண் பிள்ளை எதுவரை படிப்பது? விடை காணுமுன் நம் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நலம்.

நம் பெண்கள் அண்மைக் காலம்வரை கல்வியே அறியாதிருந்தனர் என்பார் உளர். அது முழு உண்மையன்று. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண்மக்களும் திருக்குர்ஆன் ஓதக் கற்றே வளர்ந்தனர். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் அவர்களுக்கு அறிவின் வாயிலாக விளங்கிற்று. இமாமுல் அரூஸ் எனப் போற்றப்படும் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் மார்க்கச் சட்டங்களை அரபுத்தமிழில் எழுதினார்கள். அரபு மொழி பயிலாத பெண்களும் இல்லத்திலிருந்தே அவற்றை அறிந்துகொள்ள வழி பிறந்தது.

ஆயினும் ஒரு குறை இருந்தது. ஓதவும் வாசிக்கவும் கற்பித்த நாம், பல இல்லங்களில் எழுதக் கற்பிக்கவில்லை. எழுதத் தெரிந்தால் பெண் யாருக்கேனும் கடிதம் எழுதிவிடுவாளோ என்ற அச்சமே காரணம். இவ்வச்சம் நம்மிடம் மட்டுமின்றி இந்நாட்டின் பிற சமுதாயங்களிலும் இருந்ததுதான். அதன் விளைவு என்ன? 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நண்பருக்குக் கடிதம் எழுதவும் அதற்கு வரும் மறுமொழியைப் படிக்கவும் வல்லவரையே எழுத்தறிவு பெற்றவர் எனக் கொண்டது. அரபுத்தமிழ் நூலொன்றை முழுதும் வாசிக்க வல்ல மூதாட்டியும், எழுதத் தெரியாத காரணத்தால், அந்த அளவுகோலின்படி எழுத்தறிவற்றவரே!

இதற்கு மார்க்கத்தின் மீது பழி சுமத்த இயலாது. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணியே அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தார் என்பதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. தொகுக்கப்பட்ட திருக்குர்ஆனின் ஏடுகள் பின்னாளில் அந்த ஹஃப்ஸா நாயகியாரின் பொறுப்பில்தான் இருந்தன. எழுதுகோலைப் பெண்ணிடமிருந்து விலக்கியது நம் வழக்கமே.

அவ்வழக்கத்தை மாற்ற முன்வந்தோரும் நம்மவரே. இலங்கையில் அறிஞர் சித்திலெவ்வை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ ஏட்டைத் தொடங்கியவர். அவர் 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண் மக்களுக்கெனப் பள்ளி நிறுவினார். நாகூரில் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்பு வரையே பயின்றவர். இளமையிலேயே கைம்பெண் ஆனவர். அவர் எழுதிய ‘காதலா கடமையா’ என்னும் புதினம் 1938இல் உ.வே.சாமிநாதையர் அவர்களின் பாராட்டுடன் வெளிவந்தது. மூன்று ஆண்டுப் பள்ளிப் படிப்பில் இத்துணை விளைந்ததெனில், உரிய கல்வி கிடைத்திருந்தால் எத்துணை விளைந்திருக்கும்! 1955இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் சென்னையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரி தோன்றியது. 1988இல் கீழக்கரையிலேயே தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி எழுந்தது.

மீண்டும் சோமனூருக்கு வருவோம். நம் பாட்டிமாருக்குத் தடையாயிருந்தது எழுதுகோலின் மீதான அச்சம். இன்று அந்தத் தடை இல்லை. பெண்கள் பள்ளிக்குச் செல்கிறார்கள். நல்ல மதிப்பெண்களும் பெறுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு அப்பால் உள்ள மூன்று ஆண்டுகளே இப்போதைய வாயிற்படி. அதே மூன்று ஆண்டுகளுக்கு வேறொரு விலையும் இவ்வட்டாரத்தில் பேசப்பட்டதுண்டு. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நூற்பாலைகள் மணமாகாத இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கின. மூன்று ஆண்டு முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை தருவதாகக் கூறின. பல ஊர் ஏழைப் பெற்றோர் அதை நம்பிப் பெண்களை அனுப்பினர். வறுமையில் எடுத்த முடிவை இகழ நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு பட்டப்படிப்புக்கும் அதே மூன்று ஆண்டுகளே தேவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வழியும் முன்னைவிட எளிதாகியுள்ளது. கோவையில் நிர்மலா மகளிர் கல்லூரி 1948 முதல் இயங்குகிறது. திருப்பூரில் மகளிருக்கென அரசுக் கலைக் கல்லூரி உள்ளது. 2021 முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது.

எஞ்சியிருப்பது நம் மனம் ஒன்றே. கூலி குறைந்து தறி நிற்கும் காலத்தில், வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது மகளின் படிப்பாக இருக்கலாமா? ஓதத் தெரிந்தும் எழுதத் தெரியாத கணக்கில் நம் பாட்டிமாரை விட்டுவிட்டோம். பள்ளி முடித்தும் கல்லூரி காணாத கணக்கில் நம் பேத்திமாரையும் சேர்த்துவிடாதிருப்போமாக!