முட்டைக்கோழிப் பண்ணையில் ஒளியமைப்பு

பகல் வெளிச்சத்தோடு விளக்கொளியையும் சேர்த்து, முட்டையிடும் கோழிகளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கச் செய்யும் முறை பண்ணை ஒளியமைப்பு எனப்படும். பகல் நீளும் காலத்தில் கோழி முட்டையிடத் தொடங்கும். குறுகும் காலத்தில் முட்டை குறைந்து, இறகு உதிரும். டிசம்பரில் எட்டு மணி நேரமே பகல் இருக்கும் லண்டன் போன்ற இடங்களில், விளக்கில்லாத கொட்டகையில் பல கோழிகள் முட்டையிடுவதையே நிறுத்திவிடும்.

இந்த வெளிச்சம் கண் வழியாக மட்டும் வேலை செய்வதில்லை. 1930களில் பிரெஞ்சு அறிஞர் ழாக் பெனுவா, பார்வை இழந்த வாத்துகளும் ஒளிக்கு ஏற்ப இனப்பெருக்க நிலையை அடைவதைக் காட்டினார். ஒளி மண்டையோட்டைக் கடந்து மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியை எட்டுகிறது. சிவப்பு ஒளி நன்றாக ஊடுருவும். அங்கிருந்து பிட்யூட்டரி சுரப்பி தூண்டப்பட்டு, அதன் ஹார்மோன்கள் சூலகத்தில் கருமுட்டைகளை முதிரச் செய்கின்றன. ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். ஆகவே விளக்கை எவ்வளவு நேரம் எரித்தாலும் நாளுக்கு இரண்டு முட்டை எதிர்பார்க்க முடியாது. முட்டையிடல் தடைபடாமல் தொடர்வதே பலன்.

தமிழ்நாட்டின் நாமக்கல்லில் பகல் டிசம்பரில் சுமார் பதினொன்றரை மணி, ஜூனில் சுமார் பன்னிரண்டே முக்கால் மணி. குளிர்நாட்டு நெருக்கடி இங்கே இல்லை. ஆனாலும் 16 மணிக்கு மூன்றேகால் முதல் நாலரை மணி வரை குறைகிறது. அதிகாலை நான்கு மணிக்கு விளக்கைப் போட்டு, இரவு எட்டு மணி வரை எரிய விட்டால் கணக்கு சரியாகிவிடும். இதை ஆளின் ஞாபகத்தை நம்பி விடாமல் டைமரிடம் ஒப்படைப்பதே நல்லது. நேரம் நாளுக்கு நாள் மாறினால் கோழியின் உடல் குழம்பிப் போகும்.

ஒளியமைப்பில் மீறக் கூடாத விதி இரண்டு: வளரும் விடலைக் கோழிக்குப் பகலை நீட்டக் கூடாது, முட்டையிடும் கோழிக்குப் பகலைக் குறைக்கக் கூடாது. விடலைக்கு அவசரப்பட்டு வெளிச்சம் கூட்டினால், உடல் எடை சேருமுன்பே முட்டையிடத் தொடங்கும். முட்டை சிறுத்துப் போகும். முட்டைக்குழாய் வெளியே தள்ளிக் கோழி இறப்பதும் உண்டு. அதனால் வயதோடு எடையையும் பார்த்து, 16 முதல் 18 வாரத்தில் தொடங்கி, வாரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை கூட்டிச் செல்வார்கள்.

தீவனத் தொட்டி மட்டத்தில் 10 முதல் 20 லக்ஸ் ஒளிச்செறிவு போதும். அதற்கு மேல் போனால் கோழிகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். அடுக்குக் கூண்டுகளில் மேல்தட்டுக்கு வெளிச்சம் கொட்ட, கீழ்த்தட்டு நிழலில் கிடப்பது வழக்கமான குறை. விளக்கின் உயரத்தையும் இடைவெளியையும் கீழ்த்தட்டை வைத்தே முடிவு செய்ய வேண்டும். பல்புகளில் படியும் தூசியைத் துடைக்காவிட்டால் நல்ல எல்இடி விளக்கும் மங்கிவிடும்.

இருளும் தேவைதான். விடிய விடிய விளக்கெரிப்பது கோழிக்குக் கொடுமை; அதனால் முட்டை கூடுவதும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டு நெறிமுறை, நாளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இடைவிடாத இருளைக் கேட்கிறது. தரையில் வளர்க்கும் கோழிகளுக்கு, கூடுதல் வெளிச்சத்தைப் பெரும்பாலும் விடியற்காலையில் சேர்ப்பது மேல். மாலையில் விளக்கைத் திடீரென்று அணைத்தால் அவை பரணேற முடியாமல் தவிக்கும்.

கோடையில் மட்டும் இரவை ஒருமுறை முறிப்பதுண்டு. பகல் வெப்பத்தில் தீவனம் எடுக்காத கோழிகளுக்கு நள்ளிரவில் ஒன்றிரண்டு மணி நேரம் விளக்கைப் போட்டால், குளிர்ந்த வேளையில் நன்றாகத் தின்னும். முட்டை ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது என்பதால், அப்போது கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து ஓட்டை உறுதியாக்கும்.

கொல்லையில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு இந்தச் செலவு வேண்டியதில்லை. அவை பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அந்த இயல்பை விளக்கு மாற்றாது.