வீட்டுக்கு வந்த மறுவாழ்வுப் பயிற்சி

திரையில் மனித உருவில் தோன்றிப் பேசி, உடற்பயிற்சியைச் செய்துகாட்டி, அதில் நேரும் பிழைகளையும் திருத்தும் கணினி நிரலே மெய்நிகர் பயிற்சியாளர் எனப்படுகிறது. இது அண்மைக்காலப் படைப்பே எனினும், இது தீர்க்க முனையும் சிக்கல் முதியோர் மருத்துவம் ஒரு தனித்துறையாக உருவான நாளிலிருந்தே இருந்துவருகிறது. 1935-இல் லண்டனின் மேற்குப் புறத்திலுள்ள வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, அருகிலிருந்த ஏழையர் விடுதியின் நோயாளர் பிரிவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது, அங்கே கிடந்த 700-க்கும் மேற்பட்டோரின் பொறுப்பு மார்ஜரி வாரன் என்னும் மருத்துவரிடம் வந்தது. தேறமாட்டார்கள் என்று கைவிடப்பட்டிருந்த அவர்களை ஒவ்வொருவராகச் சோதித்து, எழுப்பி உட்காரவைத்து, நடக்கப் பழக்கிய அவர், நோயைவிட நெடுநாள் படுக்கையே பலரை முடமாக்கியிருந்ததைக் கண்டார். 1943-லும் 1946-லும் வெளிவந்த அவருடைய கட்டுரைகள் முதியோர் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு அடித்தளமாயின. ஆனால் அவர் பழக்கிய நடை, நாள்தோறும் அருகில் நின்று பழக்குவோர் இருந்த மருத்துவமனைக் கூடத்தில் கைவந்த நடையாகும். வீடு திரும்பியவரிடம் அதை யார் தொடரச் செய்வது என்ற கேள்வி எஞ்சியே நின்றது.

இக்கேள்விக்குத் தெளிவான விடை நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஜான் காம்பெல், கிளேர் ராபர்ட்சன் முதலியோர் வகுத்த ஒட்டாகோ பயிற்சித் திட்டத்தில், கணுக்காலில் கட்டும் எடைகளைக் கொண்டு கால் தசைகளை வலுவாக்குவதும், உடல் சமநிலையைப் பழக்குவதும், நடைப்பயிற்சியும் அடங்கியிருந்தன. 1997-இல் வெளியான முதல் ஆய்வு 80 வயதைக் கடந்த பெண்களிடம் நடத்தப்பட்டது. இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், முதல் இரண்டு மாதங்களில் நான்கு முறை வீட்டுக்கே சென்று பயிற்சியை அமைத்துக்கொடுத்தார். அதன்பின் தொலைபேசியில் அவ்வப்போது விசாரித்துவந்தார். இத்திட்டத்தின் நான்கு ஆய்வுகளை 2002-இல் சேர்த்துப் பார்த்தபோது, முதியோர் கீழே விழுவது ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்திருந்தது. பயிற்சிகள் எளியவை, எவரும் கற்கக்கூடியவை. அவை கைவிடப்படாமல் தொடர்ந்ததில் அந்தத் தொலைபேசி விசாரிப்புக்கு உரிய பங்கை மருத்துவ வரலாறு போதிய அளவு பேசவில்லை என்றே கருத வேண்டும்.

அந்த விசாரிப்பைக் கணினியிடம் ஒப்படைக்கும் முயற்சியை, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் பயின்ற டிமோத்தி பிக்மோர் தொடங்கினார். அவர் உருவாக்கிய லாரா என்னும் திரையுருவம் நடைப்பயிற்சிக்கு ஊக்கமளித்ததோடு, நலம் விசாரித்தது, முந்தைய உரையாடலை நினைவில் வைத்துப் பேசியது. 2005-இல் வெளியான ஆய்வில் பாஸ்டன் நகர முதியோர் அதனுடன் வீட்டிலிருந்தே உரையாடினர்; தட்டச்சு அறியாதவரும் தொடுதிரையில் விடையைத் தேர்ந்து பதிலளிக்க முடிந்தது. இவ்வரிசையில் 2013-இல் வெளியான பெரிய ஆய்வே மிகுந்த கவனத்துக்குரியது. 65 வயதைக் கடந்த 263 பேர் பங்கேற்ற அதில், பயிற்சியாளர் உருவம் டேப்லெட்டில் வீட்டிலேயே இருந்த இரண்டு மாதங்களில் முதியோர் கூடுதலாக நடந்தனர். பிறகு பத்து மாதங்கள் மருத்துவமனைக்குச் செல்லும்போது மட்டுமே அதனுடன் பேச முடிந்த நிலையில், அந்த வேறுபாடு மங்கிப்போனது. கருவி வீட்டைவிட்டு அகன்றதும் ஊக்கமும் தளர்ந்தது என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம்.

லாராவுக்குப் பேசத் தெரியும், பார்க்கத் தெரியாது. 2010-இல் விளையாட்டுக்கென மைக்ரோசாஃப்ட் விற்பனைக்குக் கொண்டுவந்த கினெக்ட், அகச்சிவப்புக் கதிர்களால் தொலைவை அளந்து, உடலின் மூட்டுகள் இருக்குமிடத்தைக் கணித்ததால், முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதைக்கூட வீட்டுக் கூடத்திலேயே அறிய முடிந்தது. இக்கருவியைக் கொண்டு உருவான வீரா என்னும் பயிற்சியாளர் நிரல் 2015-இல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், இந்நிரலுடன் வீட்டில் பயின்றவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றோருக்குக் குறையாமல் தேறினர், செலவும் குறைந்தது. ஆயினும் அவர்களுடைய பயிற்சிப் பதிவுகளைத் தொலைவிலிருந்து பார்த்து, காணொளி வழியே அவர்களோடு பேசி, பயிற்சியை மாற்றியமைத்தவர் ஓர் இயன்முறை மருத்துவரே.