சிதறிய ஏடுகளும் வைத்திய அறமும்

அலபாமா மாநிலத்தின் டஸ்கீகிப் பகுதியிலே 1932ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையினர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். சிபிலிஸ் என்னும் மேகநோய் பீடித்த ஏறக்குறைய 400 கறுப்பின ஆடவர் அதற்கு உட்படுத்தப்பட்டனர். சிகிச்சை நடைபெறுவதாகவே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. உண்மையில், நோய் தன்போக்கிற் செல்வதைப் பார்த்திருப்பதே நோக்கமாகும். 1940களின் பிற்பகுதியில் பெனிசிலின் கைகண்ட மருந்தென நிலைபெற்ற பின்னரும் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. 1972இல் பத்திரிகைகள் அம்பலப்படுத்தும்வரை, நாற்பது ஆண்டுகள் இது நீடித்தது.

நேயர்கள் இதனை இரகசியமாக நடந்த காரியமெனக் கருதிவிடலாகாது. 1936 முதல் இதன் பெறுபேறுகள் வைத்திய சஞ்சிகைகளில் அச்சாகியே வந்தன. 1947இலோ, நாஜி வைத்தியரை விசாரித்த நியூரம்பேர்க் நீதிமன்றம், பரிசோதனைக்கு உட்படுவோரின் மனமுவந்த சம்மதம் இன்றியமையாதது என விதித்திருந்தது. அத்தீர்ப்பை வழங்கியோரும் அமெரிக்க நீதிபதிகளே! சஞ்சிகை வைத்தியர் அலுமாரியிற் கிடந்தது; தீர்ப்பு சட்ட நூல்களிடையே கிடந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பார் அரியர். நிறபேதமே முதற் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஏடுகளின் சிதறலும் அதற்குத் துணைபோயிற்று.

இச்சிதறலைத் தீர்க்கும் முயற்சி, 1971இல் வாஷிங்டன் நகரின் ஜோர்ஜ்டவுண் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட கென்னடி நிலையத்தில் உருப்பெற்றது. லீரோய் வால்டர்ஸ் என்னும் அறிஞரின் பொறுப்பில் உயிரியல் அறநெறி நூற்பட்டியலின் முதற் தொகுதி 1975இல் வெளிவந்தது. வைத்தியம், சட்டம், தத்துவம், சமயம் ஆகிய துறைகளின் கட்டுரைகளோடு நீதிமன்றத் தீர்ப்புகளும் அதில் இடம்பெற்றன. பணி எளிதன்று. வைத்தியர் ஒரு பெயரால் அழைப்பதைச் சட்ட அறிஞர் பிறிதொரு பெயரால் அழைப்பர். சமய நூலார்க்கு வேறொரு சொல் உண்டு. ஆகவே, எப்பொருளை எச்சொல்லின்கீழ்த் தேடுவது என்பதற்கே தனியொரு சொற்களஞ்சியம் ஆக்கவேண்டியதாயிற்று. நூலகர் செய்யும் இத்தகைய வேலைக்கு எவரும் மாலை சூட்டுவதில்லை. எனினும், அது இல்லையேல் மற்றெதுவும் இல்லை. அமெரிக்கத் தேசிய வைத்திய நூல்நிலையம் இவ்வட்டவணையைக் கணனியிலும் ஏற்றியது.

ஆனால் அதில் இடம்பெற்றவை ஆங்கில ஏடுகள் மட்டுமே. பிரெஞ்சு, ஜேர்மன் மொழிகளில் எழுந்த விவாதங்கள் வெளியே நின்றன. ஜேர்மனியின் பொன் நகரில் 1999இல் நிறுவப்பட்ட நிலையம், ஜேர்மன், பிரெஞ்சு, அமெரிக்க அட்டவணைகளை ஒரே தேடுகைக்குள் இணைத்தது. உயிரியல் அறநெறியும் மனித உரிமைகளும் பற்றிய பிரகடனத்தை 2005 ஒக்டோபரில் ஏற்ற யுனெஸ்கோ, அதே ஆண்டு டிசெம்பரில் உலக அறநெறி அவதான நிலையத்தைத் தொடக்கிவைத்தது. பல நாடுகளின் நிபுணர், நிறுவனங்கள், பாடநெறிகள், சட்டங்கள் ஆகியவற்றின் விபரங்கள் அங்கே ஆறு மொழிகளில் திரட்டப்பட்டன. சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிடும் நோயாளர் பேசும் மொழிகளோ ஆறல்ல, ஆயிரக்கணக்கானவை.