ஐதர் அலியும் சுவார்ட்சு ஐயரும்: ஒரு நம்பிக்கையின் வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தைப் போர்களின் களமாகவே வரலாற்று நூல்கள் காட்டுகின்றன. கருநாடகப் போர்களும் மைசூர்ப் போர்களும் அந்நூல்களின் பக்கங்களை நிறைக்கின்றன. அப்போர்களுக்கு இடையே, வேற்றுச் சமயத்தார் இருவர் ஒருவர் சொல்லை மற்றவர் நம்பிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. மைசூரை ஆண்ட ஐதர் அலியும் தஞ்சைக் கிறித்தவ ஊழியர் சுவார்ட்சு ஐயரும் 1779ஆம் ஆண்டில் சந்தித்ததே அந்நிகழ்ச்சி. அந்நம்பிக்கை எவ்வாறு விளைந்தது, பின் அது என்னவாயிற்று என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரசியாவில் 1726இல் பிறந்த சுவார்ட்சு 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தார். முதலில் தமிழ் கற்றார். 1760களில் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றத் தொடங்கியபோது, தமிழ் மட்டும் போதாது என உணர்ந்தார். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியின் அலுவலரும் படைவீரரும் அந்நகரில் மிகுதியாக வாழ்ந்தனர். அவர்களோடு நேரே பேசும்பொருட்டு இந்துத்தானியும் பாரசீகமும் பயின்றார். துபாசி ஒருவர் நடுவே நிற்க நிகழும் பேச்சு வேறு; அண்டை வீட்டார் மொழியிலேயே நலம் வினவும் பேச்சு வேறு. தம் சமயத்தைப் பரப்பும் நோக்கத்தை அவர் எவரிடத்தும் மறைத்தாரல்லர். இசுலாமியரோடு சமயப் பொருள் குறித்து உரையாடியதையும் மறைக்காமல் எழுதி வைத்துள்ளார். கொள்கை வேறுபாட்டை ஒளிக்காமலே பழகியமையால்தான் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டாயிற்று எனலாம்.

ஆங்கிலக் கும்பினியார்பால் ஐதருக்கு இருந்த மனத்தாங்கல் பெரிது. தாக்கப்பட்டால் ஒருவருக்கொருவர் துணைநிற்பதாக 1769இல் சென்னையில் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஆயினும், மராத்தியர் மைசூர்மேல் படையெடுத்தபோது கும்பினியார் துணைக்கு வந்திலர். 1779 மார்ச்சில், ஐதர் தம் காப்பில் உள்ளதெனக் கூறிய மாகியையும் கைப்பற்றினர். இந்நிலையில் அவர் உள்ளக் கிடக்கையை அறிந்துவரச் சென்னை ஆளுநர் ரம்போல்டு சுவார்ட்சை அழைத்தார். மற்றத் தூதரை நம்புவதற்கில்லை, அந்தக் கிறித்தவரை அனுப்புக என ஐதரே கேட்டதாக ஊழியர் வரலாறுகள் கூறும். அரசியற் பணி தமக்கு உரியதன்று எனச் சுவார்ட்சு தயங்கினார். போரைத் தவிர்க்கலாம் என்னும் எண்ணமே அவரை இணங்கச் செய்தவற்றுள் முதன்மையானது. கைகளைப் பரிசுகளால் மாசுபடுத்திக் கொள்வதில்லை என்று உறுதிபூண்டே புறப்பட்டார்.

1779 ஆகத்து மாத இறுதியில் சீரங்கப்பட்டணம் அடைந்த அவரை, ஐதர் தம் அருகே அமர்த்தி உரையாடினார். தம் குறைகளை ஒளிவின்றி எடுத்துரைத்தார். அவர் படையில் பணிபுரிந்த ஐரோப்பியருக்குச் சுவார்ட்சு வழிபாடு நடத்தியதற்கும் தடை எழவில்லை. குடிகள் எச்சமயத்தைப் பின்பற்றுகின்றனர் என்பதில் ஐதர் தலையிடுவதில்லை என்பதைச் சுவார்ட்சின் நாட்குறிப்பு பதிவு செய்கிறது. எழுதப் படிக்க அறியாத அவ்வேந்தரின் நினைவாற்றலையும் அலுவல்களை விரைந்து முடிக்கும் திறத்தையும் அது வியந்து பேசுகிறது. தவறிழைத்தோரைத் தண்டிக்கச் சாட்டையேந்திய ஆட்கள் எந்நேரமும் காத்திருந்த கொடுமையையும் விடாது குறிக்கிறது. நட்பு அவர் கண்ணை மறைக்கவில்லை.

விடைபெறும்போது வழிச்செலவுக்கென ஐதர் முந்நூறு ரூபாய் அளித்தார். சுவார்ட்சு அதனைச் சென்னை அரசிடம் ஒப்படைக்க முன்வந்தார், அரசு ஏற்கவில்லை. எனவே, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு அத்தொகையை முதற்பொருளாக்கினார். இசுலாமிய வேந்தர் ஒருவரின் கொடை கிறித்தவர் நடத்திய பள்ளிக்கு வித்தானது நம் கல்வி வரலாற்றில் நினைக்கத்தக்கது.

தூது பயன் தரவில்லை. 1780 சூலையில் ஐதரின் பெரும்படை கருநாடகத்துள் புகுந்தது. ஊர்கள் எரிந்தன, தஞ்சையில் பஞ்சம் தலைவிரித்தாடியது. அந்நிலையிலும், அப்பாதிரியாரை எவரும் தடுக்கலாகாது, அவருக்குத் தீங்கு செய்யலாகாது என ஐதர் தம் படைத்தலைவருக்கு ஆணையிட்டிருந்தார். தம்மை அனுப்பியவர்களோடு போரிட்டபோதும் தம்மிடம் வந்தவரை அவர் பகைவராகக் கொள்ளவில்லை.

1782 திசம்பரில் ஐதர் மறைந்தார். மறு ஆண்டு திப்பு சுல்தானிடம் அமைதி பேசச் சென்ற கும்பினித் தூதருக்குத் துணையாகச் சுவார்ட்சு மீண்டும் புறப்பட்டார். இம்முறை மைசூர்ப் படையினர் வழிவிடவில்லை. அவர் திரும்ப நேர்ந்தது. தந்தை நம்பிச் சொல்லியனுப்பியவை செவியேறாமற் போனதை அறிந்த மகன், அதே தூதரை மீண்டும் ஏற்பானேன்? இருபது ஆண்டுப் பழக்கத்தால் விளைந்த நற்பெயரைக் கும்பினியார் ஒரே தூதில் செலவழித்துவிட்டனர் என்றே கருத வேண்டியுள்ளது.

சுவார்ட்சு 1798இல் தஞ்சையில் காலமானார். சென்னைக் கோட்டையின் தூய மரியாள் ஆலயத்தில் கும்பினியார் அவருக்குச் சலவைக்கல் நினைவுச்சின்னம் எழுப்பினர். இந்நிகழ்ச்சியைப் போற்றி எழுதியோர் பலரும் சுவார்ட்சின் நேர்மையையே பேசினர். அந்நேர்மையை இனங்கண்டு, போர்க்காலத்திலும் மதித்த ஐதரின் பெருமையும் அதற்கு ஈடாகப் பேசப்படுதல் வேண்டும். சமய நல்லிணக்கம் பற்றி மேடைகளில் மிகுதியாகப் பேசும் நாம், அண்டை வீட்டாரின் மொழியையும் வழக்கத்தையும் கற்க எத்தனை நாள் செலவிட்டோம் என எண்ணிப் பார்த்தல் நன்று. அவ்வாறு கற்றுப் பெறும் நட்பைப் பிறர் தம் ஆதாயத்துக்குக் கருவியாக்க விடாது காத்தலும் நம் கடனாகும்.