பள்ளிக்குள் ஒரு பள்ளி: அமெரிக்காவின் தொழில்நெறி அகாடமிகள்

அமெரிக்காவின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 9 முதல் 12 வரை நான்கு வகுப்புகள் உண்டு. அப்படியொரு பெரிய பள்ளிக்குள், ஒரு துறையை மையமாக வைத்து நடத்தப்படும் சிறு பள்ளியே 'கேரியர் அகாடமி' எனப்படும் தொழில்நெறி அகாடமி. மின்னியல், நிதி, மருத்துவப் பணி, கணினி என்று துறை எதுவாகவும் இருக்கலாம். இதில் சேரும் மாணவர்கள் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் ஒரே குழுவாக, பெரும்பாலும் ஒரே ஆசிரியர்களிடம் படிப்பார்கள். கணிதம், ஆங்கிலம், அறிவியல் எதையும் விட்டுவிடுவதில்லை. அவற்றோடு துறைப் பாடம் ஒன்றும், உள்ளூர் நிறுவனம் ஒன்றின் தொடர்பும் சேரும். இன்று அமெரிக்கா முழுவதும் பரவியிருக்கும் இந்த ஏற்பாடு 1969இல் பிலடெல்பியா நகரின் ஓர் ஏழைப் பள்ளியில் தொடங்கியது.

1917இல் எழுந்த சுவர்

அகாடமி ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும். 1917இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஸ்மித்–ஹியூஸ் சட்டத்தை நிறைவேற்றியது. வேளாண்மை, கைத்தொழில், மனையியல் ஆகியவற்றைக் கற்பிக்க மாநிலங்களுக்கு நடுவண் அரசின் பணம் முதன்முறையாகக் கிடைத்தது. பணத்தோடு நிபந்தனைகளும் வந்தன. தொழிற்கல்வி நேரத்தில் பாதியாவது பட்டறையிலோ வயலிலோ செய்முறையாகக் கழிய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதற்கென்று தனி ஆசிரியர்கள், தனி நிர்வாகம், தனி அறைகள் வந்தன. ஒரே பள்ளிக்குள் கல்லூரிக்குப் போகிறவர்கள் ஒருபுறமும் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் மறுபுறமுமாகப் பிரிந்தார்கள்.

இதை முன்பே எதிர்த்தவர் தத்துவ அறிஞர் ஜான் டூயி. மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி ஆணையராக இருந்த டேவிட் ஸ்னெடன், தொழிற்கல்வியைத் தனித் தடத்தில் நடத்துவதே திறமையான வழி என்று வாதிட்டார். 1915இல் 'தி நியூ ரிபப்ளிக்' இதழில் இருவரும் மோதினார்கள். தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவருவதில் டூயிக்கு மறுப்பு இல்லை. இருக்கிற தொழில் அமைப்புக்கு ஏற்ற ஆட்களாகப் பிள்ளைகளை வார்த்துக் கொடுப்பதைத்தான் அவர் ஏற்கவில்லை. வாதத்தில் யார் வென்றாலும், சட்டத்தில் வென்றது ஸ்னெடனின் பக்கம். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் தொழிற்கல்வித் தடத்தில் ஏழைகளும் கறுப்பினத்தவரும் குடியேறிகளின் பிள்ளைகளும் குவிந்தனர். காலப்போக்கில் 'தொழிற்கல்வி' என்ற சொல்லே தாழ்ந்த வகுப்பைக் குறிப்பதாகிவிட்டது.

எடிசன் பள்ளி, 1969

வட பிலடெல்பியாவில் இருந்த தாமஸ் எடிசன் உயர்நிலைப் பள்ளி அப்போது ஆண்கள் மட்டும் படித்த பள்ளி. அங்கே படித்தவர்களில் 64 பேர் வியட்நாம் போரில் இறந்தார்கள். அமெரிக்காவில் வேறெந்த உயர்நிலைப் பள்ளியும் அந்தப் போரில் இத்தனை பேரை இழக்கவில்லை. கல்லூரியில் சேர்ந்தவர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து தற்காலிக விலக்கு கிடைத்த காலம் அது. கல்லூரியும் இல்லை, நல்ல வேலையும் இல்லை என்ற நிலையில் பள்ளியைப் பாதியில் விட்ட பையனுக்கு ராணுவத்தைத் தவிர வேறு வழி அதிகம் இருக்கவில்லை. அந்த 64 என்ற எண்ணையும் அகாடமியையும் பொதுவாக யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. ஆனால் இரண்டும் ஒரே தெருக்களிலிருந்து வந்தவை.

1964 ஆகஸ்டில் வட பிலடெல்பியாவின் கொலம்பியா அவென்யூவில் பெரும் கலவரம் நடந்திருந்தது. 1967இல் நாட்டின் பல நகரங்கள் எரிந்தபின், தொழில் நிறுவனங்களையும் நகர நிர்வாகங்களையும் சமூகத் தலைவர்களையும் ஒன்றுசேர்க்கும் 'அர்பன் கோயலிஷன்' என்ற நகர்ப்புறக் கூட்டமைப்புகள் உருவாயின. பிலடெல்பியா அமைப்பை வழிநடத்தியவர் வழக்கறிஞர் சார்லஸ் பௌசர். அந்நகரின் துணை மேயரான முதல் கறுப்பினத்தவர் அவரே. அவரது முயற்சியாலும் பிலடெல்பியா மின்சார நிறுவனத்தின் ஆதரவாலும் எடிசன் பள்ளிக்குள் பயன்முறை மின்னியல் அகாடமி தொடங்கியது. பள்ளியை விட்டு நின்றுவிடக்கூடும் என்று கருதப்பட்ட மாணவர்களே அதன் இலக்கு. படித்தால் வேலை உண்டு என்பதை நிறுவனம் கண்ணுக்குக் காட்ட வேண்டும், பள்ளி அந்த வேலைக்கு வேண்டிய படிப்பைத் தர வேண்டும் என்பதே ஒப்பந்தத்தின் சாரம். அடுத்த ஆண்டுகளில் வணிகம், வாகனப் பழுதுபார்ப்பு, மருத்துவப் பணி என்று வேறு அகாடமிகளும் அந்நகரில் வந்தன.

மேற்குக் கரைக்கு

1981இல் இந்த முறை கலிபோர்னியாவுக்குப் போனது. கிழக்கு பாலோ ஆல்டோ என்ற ஏழைக் குடியிருப்பில் இருந்த ரேவன்ஸ்வுட் உயர்நிலைப் பள்ளி 1976இல் மூடப்பட்டிருந்தது. அதன் பிள்ளைகள் அடுத்த ஊர்களின் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். சுற்றிலும் சிலிக்கான் பள்ளத்தாக்கின் நிறுவனங்கள் வளர்ந்துகொண்டிருந்தன. அந்த வேலைகளுக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் இடையில் சில மைல் தூரம்தான். ஆனாலும் ஒன்றையொன்று தொடவில்லை. மென்லோ–ஆதர்டன் பள்ளியில் கணினி அகாடமியும், செக்வோயா பள்ளியில் மின்னணுவியல் அகாடமியும் தொடங்கியபோது பிலடெல்பியாவே முன்மாதிரியாக இருந்தது. 1984இல் மாநிலம் இதைச் சட்டமாக்கி, மற்றப் பள்ளிகளுக்கும் நிதி கொடுக்கத் தொடங்கியது.

கலிபோர்னியாவின் நிதிவிதி இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மாநிலம் ஒரு ரூபாய் கொடுத்தால் கல்வி மாவட்டமும் தொழில் நிறுவனங்களும் பணமாகவோ உழைப்பாகவோ தலைக்கு ஒரு ரூபாய் ஈடு கொடுக்க வேண்டும். சேர்க்கப்படும் மாணவர்களில் பாதிப்பேராவது வருகையிலோ மதிப்பெண்ணிலோ பின்தங்கியவர்களாக இருக்க வேண்டும். மாணவர் 80 விழுக்காடு நாள் வகுப்புக்கு வந்து, எடுக்க வேண்டிய பாட அலகுகளில் 90 விழுக்காட்டை முடித்தால்தான் அவர் பெயரில் பணம் வரும். அதாவது, எளிதாகத் தேறுகிறவர்களைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளவும் முடியாது, பின்தங்கியவர்களைச் சேர்த்துவிட்டுக் கைவிடவும் முடியாது.

நியூயார்க்கில் கதை வேறு விதமாக நடந்தது. வால் ஸ்ட்ரீட் நிதியாளர் சான்ஃபோர்ட் வைல் முன்னின்று 1982இல் புரூக்ளினின் ஜான் டூயி உயர்நிலைப் பள்ளியில் நிதி அகாடமி ஒன்றைத் தொடங்கினார். தொழிலுக்கு ஆள் வார்ப்பதை எதிர்த்தவரின் பெயர் தாங்கிய பள்ளியில் நிதித்துறைக்கு ஆள் தயாரிக்கும் அகாடமி வந்ததை டூயி எப்படி எடுத்துக்கொண்டிருப்பாரோ! இதிலிருந்து தேசிய அகாடமி அறக்கட்டளை பிறந்து பல மாநிலங்களில் பரவியது.

நடத்துவதன் சிக்கல்

அகாடமி என்றதும் கருவிகள் நிறைந்த பட்டறையைத்தான் பலர் நினைப்பார்கள். நடத்தியவர்களைக் கேட்டால் கால அட்டவணையைச் சொல்வார்கள். முப்பது பிள்ளைகளும் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் துறைப் பாடத்துக்கும் ஒன்றாக நகர வேண்டும். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் படிக்கும் பள்ளியில் இது எளிதல்ல. ஒரு மாணவிக்கு உயர்கணித வகுப்பு வேண்டும், அது அகாடமி வகுப்பு நடக்கும் அதே மணியில் மட்டும்தான் உண்டு என்றால் அவள் ஒன்றை இழக்க வேண்டும். அகாடமி ஆசிரியர்கள் நால்வருக்கும் ஒரே மணியில் ஓய்வு கிடைத்தால்தான் உட்கார்ந்து பேச முடியும். மின்னியல் ஆசிரியர் நடத்தும் ஓம் விதியைக் கணித ஆசிரியர் சமன்பாடாக எடுப்பதும், பட்டறையில் செய்த வேலையை ஆங்கில ஆசிரியர் அறிக்கையாக எழுதவைப்பதும், ஒரு பையன் மூன்று நாளாக வரவில்லை என்று நால்வரும் சேர்ந்து கவனிப்பதும் அந்த ஒரு மணியில்தான் முடிவாகின்றன. அந்த மணி பறிபோனால் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சும்.

ஒருங்கிணைப்பாளர் ஓர் ஆசிரியரே. பாதி நேரம் பாடம் நடத்தி, மீதி நேரம் நிறுவனங்களுக்குத் தொலைபேசியில் பேசி, 11ஆம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியைத் தேடி, கோடை விடுமுறைக்குச் சம்பளத்தோடு வேலை பிடிக்க வேண்டும். அவர் மாற்றலாகிப் போனால் தொடர்புகளும் கூடவே போய்விடும். நிறுவனத்தில் ஆட்குறைப்பு வந்தால் முதலில் நிற்பது பள்ளிக்கு வரும் ஊழியரின் வருகை. அகாடமிக்கு வெளியே இருக்கும் ஆசிரியர்களுக்கு வேறு குறை: சிறு வகுப்பும் பேருந்துப் பயணமும் அவர்களுக்கு, மிச்சமெல்லாம் நமக்கா என்பார்கள். இது பொறாமை மட்டும் அல்ல. ஒரு பள்ளிக்குள் நாற்பது பிள்ளைகளைக் கூடுதலாகக் கவனிக்கும்போது மற்றவர்களின் பங்கு எங்கிருந்து குறைகிறது என்பது நியாயமான கேள்வி.

குலுக்கல் சொன்னது

அகாடமி பயன் தருகிறதா? சேர முன்வருகிற பிள்ளைகளே சற்று ஊக்கமுள்ளவர்களாக இருக்கலாம் என்பதால், சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் வெறுமனே ஒப்பிட முடியாது. எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் 1993இல் இதற்கு ஒரு வழி கண்டது. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாக வந்த ஒன்பது பள்ளிகளில் குலுக்கல் முறையில் இடம் கொடுக்கப்பட்டது. இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தனர்.

2000இல் வந்த முடிவு: நின்றுவிடும் ஆபத்து மிகுந்த மாணவர்களில், இடம் கிடைக்காதவர்களில் 32 விழுக்காட்டினர் பள்ளியை விட்டார்கள். அகாடமிக் குழுவில் அது 21 விழுக்காடு. தேர்வு மதிப்பெண்களில் வேறுபாடு தெரியவில்லை. 2008இல், பள்ளி முடித்திருக்க வேண்டிய காலத்துக்கு எட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் அளவிலும் கல்லூரித் தகுதி பெற்றவர்களின் அளவிலும் இரு குழுக்களும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. ஆனால் அகாடமிக் குழுவினர் ஆண்டுக்குச் சராசரியாக 2,088 டாலர், அதாவது 11 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். துணையோடும் குழந்தைகளோடும் தனிக்குடும்பம் அமைத்து வாழ்ந்தவர்களும் அவர்களில் அதிகம். வருமான உயர்வு முக்கியமாக ஆண்களுக்கே கிடைத்தது. பெண்களிடம் உறுதியான வேறுபாடு இல்லை.

இரு தரப்பும் இதில் தமக்குச் சாதகமானதை எடுத்துக்கொள்ளலாம். பட்டம் கூடவில்லை என்பார்கள் ஒருவர், கல்லூரி வாய்ப்பும் குறையவில்லை என்பார்கள் மற்றவர். பழைய தொழிற்கல்வித் தடத்தின்மீது இருந்த பெரிய குற்றச்சாட்டு, அது கல்லூரிக் கதவை மூடிவிடுகிறது என்பதே. அகாடமி அதை மூடவில்லை என்பதைக் குலுக்கல் காட்டியது. வருமானம் உயர்ந்ததற்குக் காரணம் பாடப்புத்தகத்தைவிட மனிதத் தொடர்பு என்று நான் கருதுகிறேன். அலுவலகம் ஒன்றுக்குள் நுழைந்து பழகுவதும், அங்கே பெயர் தெரிந்த ஒருவர் இருப்பதும் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு உறவுமுறையிலேயே கிடைத்துவிடும். எடிசன் பள்ளிப் பையனுக்கு அதை யாராவது ஏற்பாடு செய்துதர வேண்டியிருந்தது. பெண்களுக்கு அது ஏன் கூலியாக மாறவில்லை என்பது அகாடமிகளை நடத்துவோர் இன்னும் பதில் சொல்ல வேண்டிய இடம்.

2006இல் நடுவண் அரசு தன் சட்டத்தில் 'தொழிற்கல்வி' என்ற பழைய பெயரை நீக்கி 'தொழில்நெறி, தொழில்நுட்பக் கல்வி' என்று மாற்றியது. எடிசன் பள்ளி 1988இல் புதிய கட்டடத்துக்குப் போய்விட்டது. இன்று அதன் பெயரோடு ஒரு திறன் மையத்தின் பெயரும் சேர்ந்திருக்கிறது. மின்னியல் அகாடமி தொடங்கிய பழைய கட்டடம், ஆளில்லாமல் கிடந்து 2011 ஆகஸ்டில் தீப்பிடித்து எரிந்தது.