முதலுதவிப் பயிற்சியின் வரலாறு

முதலுதவி என்பது காயமுற்ற அல்லது திடீரென நோய்வாய்ப்பட்ட ஒருவருக்கு, மருத்துவச் சிகிச்சை கிடைக்கும் வரையில், அருகில் இருப்பவர் உடனடியாக அளிக்கும் உதவி ஆகும். உயிரைக் காத்தல், நிலைமை மேலும் மோசமாகாமல் தடுத்தல், குணமடைய வழிசெய்தல் ஆகிய மூன்றும் இதன் நோக்கங்களாகக் கூறப்படுகின்றன. முதலுதவியை அளிப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். உறவினராகவோ, உடன் பணிபுரிபவராகவோ, வழிப்போக்கராகவோ இருப்பார். எனவே முதலுதவியின் வரலாறு என்பது, மருத்துவம் படிக்காத பொதுமக்களுக்கு உயிர்காக்கும் முறைகளைக் கற்பிக்கலாமா, எவற்றைக் கற்பிக்கலாம் என்னும் கேள்விகளின் வரலாறாகவும் அமைகின்றது.

தொடக்க முயற்சிகள்

காயங்களுக்குக் கட்டுப்போடுவதும் எலும்பு முறிவுக்கு மட்டை வைத்துக் கட்டுவதும் பண்டைய நாகரிகங்கள் அனைத்திலும் அறியப்பட்டிருந்தன. ஆயினும், பொதுமக்களுக்கு இவற்றை ஒழுங்குபடுத்திக் கற்பிக்கும் முயற்சி 18ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. கால்வாய்கள் நிறைந்த ஆம்ஸ்டர்டாம் நகரில் நீரில் மூழ்கி இறப்போர் பலராக இருந்தமையால், அத்தகையோரைக் காப்பதற்கென 1767 ஆம் ஆண்டில் ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. மூழ்கியவரின் உடலைச் சூடாக்குதல், வாயோடு வாய் வைத்துக் காற்றை ஊதுதல் முதலியவற்றை இச்சங்கம் பரிந்துரைத்தது. மலவாய் வழியாகப் புகையிலைப் புகையைச் செலுத்துதலும் அப்பரிந்துரைகளுள் ஒன்றாக இருந்தது. 1774 ஆம் ஆண்டில் வில்லியம் ஹாவ்ஸ், தாமஸ் கோகன் என்னும் மருத்துவர்கள் இலண்டனில் இதையொத்த சங்கத்தை நிறுவினர்.

போர்க்களத்தில் காயமுற்றோருக்கு விரைந்து உதவும் முறை 1790களில் பிரெஞ்சுப் படையில் உருவானது. படை மருத்துவரான டொமினிக் லாரி, காயமுற்றோரைக் களத்திலிருந்து அகற்றுவதற்குக் குதிரை பூட்டிய இலகுவான வண்டிகளை ஏற்படுத்தினார். படைத்தரத்தைப் பாராமல், காயத்தின் கடுமையைக் கொண்டே சிகிச்சையின் வரிசை தீர்மானிக்கப்பட வேண்டும் என்பது அவரது கொள்கை.

சோல்பரினோவும் செஞ்சிலுவை இயக்கமும்

1859 ஆம் ஆண்டு சூன் 24 ஆம் நாள் வட இத்தாலியில் உள்ள சோல்பரினோவில் ஆஸ்திரியப் படைக்கும், பிரான்சு-சார்டீனியா கூட்டுப் படைக்கும் இடையே போர் நிகழ்ந்தது. வணிக நோக்கில் அவ்வழியே வந்த சுவிட்சர்லாந்து நாட்டவரான ஹென்றி டியூனாண்ட், காயமுற்ற பல்லாயிரவர் கவனிப்பாரின்றிக் கிடந்ததைக் கண்டார். அருகிலிருந்த காஸ்திலியோனே ஊரின் பெண்களையும் பிறரையும் திரட்டி, எந்தப் படையினர் என்று பாராமல் நீர் கொடுக்கவும் காயங்களைக் கழுவிக் கட்டவும் செய்தார்.

இவ்வனுபவத்தை 1862 ஆம் ஆண்டில் அவர் நூலாக வெளியிட்டார். அமைதிக் காலத்திலேயே தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது அந்நூலின் முக்கிய வேண்டுகோள் ஆகும். இதன் விளைவாக 1863 இல் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவாகப் பின்னர் அறியப்பட்ட அமைப்பு தோன்றியது. 1864 இல் முதலாவது செனீவா உடன்படிக்கை ஏற்பட்டது.

பொதுமக்களுக்கான முதல் வகுப்புகள்

தொழிற்புரட்சியின் பின்னர், சுரங்கங்களிலும் தொடர்வண்டிப் பாதைகளிலும் தொழிற்சாலைகளிலும் விபத்துகள் மிகுந்தன. போர்க்களத்துக்கென உருவான உதவிமுறை அன்றாட வாழ்விலும் தேவை என்பது உணரப்பட்டது. 1877 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டில், படை மருத்துவரான பீட்டர் ஷெப்பர்ட், படை அதிகாரியான பிரான்சிஸ் டங்கன் ஆகியோரின் முயற்சியால் இலண்டனையடுத்த வூல்விச்சில் பொதுமக்களுக்கான வகுப்புகள் தொடங்கின. ஷெப்பர்ட், 1879 சனவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவில் இசாண்டல்வானாப் போரில் உயிரிழந்தார். ஆயினும் வகுப்புகள் பரவின. பயிற்சி பெற்றவர்களைக் கொண்ட தொண்டர் படை 1887 இல் அமைக்கப்பட்டது.

செருமனியின் கீல் நகரில் அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்த பிரெடரிக் வொன் எஸ்மார்க், 1882 ஆம் ஆண்டில் அங்கு இத்தகைய வகுப்புகளைத் தொடங்கினார். முக்கோணக் கட்டுத்துணியைப் பரவலாக்கியவரும் அவரே. கட்டுப்போடும் முறைகள் அத்துணியின் மீதே படங்களாக அச்சிடப்பட்டிருந்தன. படிப்பறிவு குறைந்தவரும் படத்தைப் பார்த்துக் கட்டுப்போட இயலும் என்பது இதன் சிறப்பாகும்.

சுவாசமும் இதயமும்

மூச்சு நின்றவருக்குச் செயற்கைச் சுவாசம் அளிக்கும் முறை பலமுறை மாற்றமடைந்துள்ளது. வாயால் ஊதும் முறை 19ஆம் நூற்றாண்டில் வழக்கொழிந்தது. அதற்குப் பதிலாகக் கைகளை உயர்த்தித் தாழ்த்தும் சில்வெஸ்டர் முறையும் (1858), முதுகை அழுத்தும் ஷேஃபர் முறையும் (1903), இரண்டையும் இணைத்த ஹோல்கர் நீல்சன் முறையும் (1932) கற்பிக்கப்பட்டன. பல தலைமுறையினர் இவற்றையே பயின்று தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றனர்.

வெளிவிடும் மூச்சிலுள்ள உயிர்வளியே மற்றொருவரை உயிருடன் வைத்திருக்கப் போதுமானது என்பதை அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஈலம் 1950களில் காட்டினார். அதே காலத்தில் பால்ட்டிமோர் நகரில் பீட்டர் சாஃபர், மருந்தினால் தற்காலிகமாக மூச்சு நிறுத்தப்பட்ட தன்னார்வலர்களைக் கொண்டு ஆய்வுகள் நடத்தினார். மருத்துவம் அறியாதவர்களும் வாயோடு வாய் முறையால் போதிய காற்றைச் செலுத்த முடிந்தது. பழைய கையசைப்பு முறைகளிலோ, நாக்கு பின்னே சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துக்கொண்டது. தலையைப் பின்னோக்கிச் சாய்த்தால் பாதை திறக்கும் என்பதும் இவ்வாய்வுகளால் தெளிவானது.

1960 ஆம் ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கோவன்ஹோவன், ஜேம்ஸ் ஜூட், கை நிக்கர்பாக்கர் ஆகியோர், மார்பின் நடுவே தொடர்ந்து அழுத்துவதன் மூலம் நின்றுபோன இதயத்திலிருந்தும் குருதியைச் செலுத்தலாம் என அறிவித்தனர். கோவன்ஹோவன் மருத்துவர் அல்லர், மின்பொறியியலாளர். இவ்விரு முறைகளும் இணைந்து இதய நுரையீரல் மீளுயிர்ப்பு முறை உருவானது.

ஆயினும் இதனைப் பொதுமக்களிடம் ஒப்படைக்க அமெரிக்க மருத்துவ உலகம் உடனே முன்வரவில்லை. 1966 இல் நடைபெற்ற தேசிய மாநாடு மருத்துவத் துறையினருக்கும் அதனைச் சார்ந்த பணியாளருக்கும் மட்டுமே இப்பயிற்சியைப் பரிந்துரைத்தது. 1972 இல் சியாட்டில் நகரம் பொதுமக்களுக்குப் பெருமளவில் இதனைக் கற்பிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டின் மாநாட்டில் பொதுமக்களுக்கான பயிற்சியும் ஏற்கப்பட்டது.

பயிற்சிப் பொம்மை

உயிருள்ளவரின் மார்பில் அழுத்திப் பழகுவது தீங்கானது. எனவே பயிற்சிக்கு ஓர் உருவம் தேவைப்பட்டது. நார்வே நாட்டின் ஸ்டாவங்கர் நகரில் விளையாட்டுப் பொம்மைகள் செய்துவந்த ஆஸ்முண்ட் லேர்டால், 1960 ஆம் ஆண்டில் 'ரெசுசி ஆன்' என்னும் ஆளுயரப் பொம்மையை உருவாக்கினார். பாரிசின் செய்ன் ஆற்றில் மூழ்கி இறந்தவர் எனக் கூறப்படும், பெயர் அறியப்படாத இளம்பெண் ஒருவரின் முகவார்ப்பே இப்பொம்மைக்கு முகமாக அமைந்தது. உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் இப்பொம்மையைக் கொண்டு பயின்றுள்ளனர்.

கைவிடப்பட்ட முறைகள்

முன்னர் கற்பிக்கப்பட்டுப் பின்னர் தவறானவை என அறியப்பட்ட முறைகள் பல. இவற்றுட் சில இன்னும் மக்களிடையே வழக்கில் உள்ளன.

பாம்புக்கடி: கடிவாயைக் கீறுதல், நஞ்சை வாயால் உறிஞ்சுதல், கடித்த இடத்துக்கு மேலே இறுகக் கட்டுதல் ஆகியன இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை. இறுகக் கட்டுவதால் உறுப்பே அழுகக்கூடும். கடிபட்டவரை அமைதிப்படுத்தி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்வதே சரியான உதவி ஆகும்.

தீக்காயம்: வெண்ணெய், மை, பற்பசை முதலியவற்றைப் பூசுதல் கூடாது. ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் காட்டுதல் வேண்டும். பனிக்கட்டியை நேரடியாக வைத்தலும் கூடாது.

வலிப்பு: வலிப்பு வந்தவரின் பற்களுக்கிடையே எதனையும் திணித்தல் கூடாது. கையில் இரும்புப் பொருளைக் கொடுப்பதால் பயன் இல்லை. தலை மோதாமல் காத்து, வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்தல் வேண்டும்.

இதற்கு மாறாக, கைவிடப்பட்ட முறை மீண்டும் ஏற்கப்பட்டதும் உண்டு. கை, கால்களில் கடுங்குருதிப்பெருக்கை நிறுத்தும் இறுக்குப் பட்டை, உறுப்பிழப்புக்குக் காரணமாகலாம் என்னும் அச்சத்தால் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொதுமக்களுக்கான பாடங்களில் பெரிதும் தவிர்க்கப்பட்டது. ஈராக், ஆப்கானித்தான் போர்களில் அதனால் பலர் உயிர் பிழைத்தமை அறியப்பட்டபின், அழுத்திப் பிடித்தும் குருதி நிற்காத கடுங்காயங்களுக்கு அது மீண்டும் கற்பிக்கப்படுகிறது.

இன்றைய பயிற்சி

மூளைக்குக் குருதி செல்வது நின்றால், சுமார் 4 நிமிடங்களிலேயே மூளைக்குக் கேடு தொடங்குகிறது. பெரும்பாலான இடங்களில் அவசர ஊர்தி அதற்குள் வந்துசேர்தல் அரிது. எனவே உடனிருப்பவரின் செயலே முடிவைத் தீர்மானிக்கக்கூடியது. வளர்ந்தவருக்கு மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துமாறு கற்பிக்கப்படுகிறது. மூச்சு ஊதப் பயின்றவர் 30 அழுத்தங்களுக்கு 2 முறை ஊதுவர். அவ்வாறு பயிலாதவர் அல்லது தயங்குபவர் கைகளால் அழுத்தினால் மட்டும் போதும் என அமெரிக்க இதயக் கழகம் 2008 இல் அறிவித்தது. குரல்வழி அறிவுரை கூறி இதயத்துக்கு மின்னதிர்வு தரும் தானியங்கிக் கருவிகளும் பல நாடுகளில் பொது இடங்களில் வைக்கப்பட்டுள்ளன.

பயிற்சியின் பயனுக்கு டென்மார்க் ஒரு சான்று. அங்கு 2005 முதல் பள்ளிகளிலும், அடுத்த ஆண்டு முதல் ஓட்டுநர் உரிமம் பெறுவோருக்கும் இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களுள், உடனிருந்தோரால் மீளுயிர்ப்பு உதவி பெற்றோர் 2001 இல் சுமார் 21 விழுக்காட்டினராக இருந்தனர்; 2010 இல் இது சுமார் 45 விழுக்காடாயிற்று. 30 நாட்களுக்குப் பின்னும் உயிரோடிருந்தோர் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 விழுக்காடாக உயர்ந்தனர். மருத்துவச் சேவைகளின் பிற முன்னேற்றங்களுக்கும் இதில் பங்குண்டு.

கற்ற திறன் சில மாதங்களிலேயே குன்றத் தொடங்குவதால், சான்றிதழ்கள் பொதுவாக 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். கற்பிக்கப்படும் முறைகளும் மாறிவருவதால் மறுபயிற்சி இன்றியமையாதது.

இந்தியாவில்

இந்தியாவில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும், 1920 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியச் செஞ்சிலுவைச் சங்கமும் முதலுதவிப் பயிற்சி அளித்துவருகின்றன. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 150 தொழிலாளர்களுக்கு ஒன்றுக்குக் குறையாமல் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்றும், அதன் பொறுப்பாளர் முதலுதவிச் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும் என்றும் விதித்தது. தமிழ்நாட்டில் பேருந்து நடத்துநர் உரிமம் பெறுவதற்கும் முதலுதவிச் சான்றிதழ் தேவைப்படுகிறது. 108 அவசர ஊர்திச் சேவை தமிழ்நாட்டில் 2008 இல் தொடங்கப்பட்டது.

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவினால் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேரிடும் என்னும் அச்சம், பயிற்சி பெற்றவரையும் தயங்கச் செய்தது. உதவுவோரைப் பாதுகாக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சு 30 அன்று ஒப்புதல் அளித்து, அவற்றை நாடெங்கும் கட்டாயமாக்கியது. 2019 ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவின்படி, நல்லெண்ணத்துடன் உதவியவர் மீது உரிமையியல் அல்லது குற்றவியல் நடவடிக்கை எடுக்க இயலாது. தம் பெயரைத் தெரிவிக்குமாறு அவரை வற்புறுத்தவும் இயலாது.

உலக முதலுதவி நாள்

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை உலக முதலுதவி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு இதனை 2000 ஆம் ஆண்டில் தொடங்கியது.

இவற்றையும் பார்க்கவும்

செஞ்சிலுவைச் சங்கம்
ஹென்றி டியூனாண்ட்
இதய நுரையீரல் மீளுயிர்ப்பு
பாம்புக்கடி
108 அவசர ஊர்திச் சேவை