வாளி முதல் பிடிகம்பி வரை: சிங்கப்பூர்க் குளியலறையின் வரலாறு



பழைய அடுக்குமாடி வீடுகளில் குளியலறையை இடித்துப் புதுப்பிக்கும் பணி சிங்கப்பூரில் தொடர்ந்து நடைபெற்று வருகின்றது. இரைச்சலையும் தூசியையும் நொந்துகொள்ளும் நாம், அச்சிற்றறைக்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டென எண்ணுவதில்லை.

அக்காலக் கடைவீடுகளில் கழிவுநீர்க் குழாய் கிடையாது. மலம் வாளியில் சேர்ந்தது. வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றமையால், நிறைந்த வாளியை வீட்டினூடே சுமந்து முன்வாசல் வழியாகவே வெளியேற்ற வேண்டியிருந்தது. உணவும் உறக்கமும் அதே இடத்தில்தான்! நகரின் சுகாதார நிலையை ஆராய்ந்த பேராசிரியர் டபிள்யூ. ஜே. சிம்சன், 1907இல் வெளிவந்த தம் அறிக்கையில், வீட்டு வரிசைகளுக்கிடையே பின்சந்துகள் அமைக்குமாறு பரிந்துரைத்தார். பழைய நகர்ப்பகுதிகளில் இன்று நாம் காணும் பின்சந்துகள் பல அக்கருத்தின் விளைவே.

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. வீட்டுக்கு வீடு தனிக் கழிப்பறை, இழுத்தால் நீர் பாயும் தொட்டி எனக் குடும்பங்களின் வாழ்வு மாறியது. ஆயினும் வாளி முறை முற்றாக ஒழிந்தது 1987 சனவரியில்தான். அதே ஆண்டு நவம்பரில் பெருவிரைவு இரயில் ஓடத் தொடங்கியது என்றால் மாணவர்கள் வியப்படைவர். வகுப்பில் சொல்லிப் பாருங்கள்.

அவ்வீடுகளுக்கும் வயதாயிற்று. கூரைச் சிமெண்டு உதிர்ந்தது. கழிவுநீர்க் குழாய்கள் பழுதுற்றன. 2007இல் அறிவிக்கப்பட்ட இல்ல மேம்பாட்டுத் திட்டம், முதலில் 1986 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கும், 2018 அறிவிப்பின்படி 1997 வரை கட்டப்பட்டவற்றுக்கும் உரியதாயிற்று. புளோக்கில் தகுதிபெற்ற குடும்பங்களுள் 75 விழுக்காட்டினர் இசைந்தாலே பணி தொடங்கும். பொதுக் குழாய் மாற்றம் கட்டாயப் பணி, குடிமக்களுக்குச் செலவில்லை. குளியலறைப் புதுப்பிப்போ விருப்பத்தைப் பொறுத்தது. அதற்குக் குடிமக்கள் வீட்டின் வகைக்கேற்ப 5 முதல் 12.5 விழுக்காடு வரை செலுத்துவர்.

இந்த 'விருப்பம்' என்னும் சொல்லில்தான் சிக்கல். பணத்தை மிச்சப்படுத்தப் பழைய தரையை அப்படியே விட்டுவிடுவோர் உளர். தரைக்கடியிலுள்ள நீர்புகாப் படலம் பழுதானால் கீழ்வீட்டுக் கூரையில் நீர் கசியும். சீர்செய்யும் பொறுப்பு மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் பொது என்பதே விதி. அண்டை வீட்டாருக்கிடையே மனக்கசப்பு முளைப்பதும் அங்கேயே. என் கருத்தில், அச்சிக்கனம் சிக்கனமன்று.

குந்தும் வகையா, உட்காரும் வகையா என்பது அடுத்த வழக்கு. வாழ்நாள் முழுதும் குந்திப் பழகிய பாட்டிக்கு உயர்ந்த கழிப்பான் அந்நியமாகத் தோன்றலாம்; மூட்டுவலி வந்தபின் அதுவே துணையாகும். முதியோர் ஈரத்தரையில் வழுக்கி விழுவதைக் குறைக்க, 2012இல் தொடங்கப்பட்ட மற்றொரு திட்டம் பிடிகம்பிகளையும் வழுக்காத் தரைப்பூச்சையும் உதவித்தொகையுடன் வழங்குகின்றது. கம்பியை எந்த உயரத்தில் பொருத்துவது என்பதைக் குத்தகையாளர் முடிவுக்கு விட்டுவிடாமல், பாட்டியையே அங்கு உட்கார வைத்து அவர் கை எட்டும் இடத்தைச் சுவரில் குறித்துக்கொடுங்கள்.